வெடிக்குப் பலியாவது யார்?

(சுரண்டையில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



தீபாவளி நெருங்கிவிட்டது. குழந்தைகள் பட்டாசு கேட்கிறார்கள். கேட்பது அவர்கள் குற்றமல்ல. ஆனால் அந்த வெடி யாரைச் சுடுகிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் அது சுடுவது, அதைச் செய்கிற கையை. 2012 செப்டம்பர் 5-ல் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் வெடித்தது. 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் வெடித்தது; குறைந்தது 20 பேர் மாண்டனர். இது விதியா? இல்லை. ஓர் அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் லைசென்ஸ் வாங்கியவர் அறை அறையாக உள்குத்தகைக்கு விடுகிறார். குத்தகைக்காரர் ஆளை நெருக்கி அடைக்கிறார். கூலியோ எண்ணிக்கைக்கு. கை வேகமாக ஓடினால்தான் அடுப்பு எரியும். அந்த வேகத்தில் ஓர் உராய்வு போதும்!

அடுத்து, வேடிக்கை பார்க்கிறவனையும் அது விடுவதில்லை. செங்கோட்டை மலையைத் தாண்டினால் கொல்லம். அந்த ஜில்லாவில், பரவூர் புற்றிங்கல் கோயிலில், 2016 ஏப்ரல் 10-ல் போட்டி வாணவேடிக்கை. அதிகாரிகள் அனுமதி மறுத்தும் நடந்தது. 100-க்கும் மேற்பட்டோர் ஒரே இரவில் செத்தார்கள்.

உயிர் தப்பியவர்களுக்குப் புகை மிஞ்சுகிறது. கந்தகப் புகையும் உலோகத் தூளும் நெஞ்சில் இறங்குகின்றன. பஞ்சுத் தூசியைச் சுவாசித்து இளைக்கும் ஆலைத் தோழனுக்கும், புகையிலைத் தூளை முகர்ந்தபடி பீடி சுற்றும் நம் தாய்மாருக்கும் அந்த ஒரு இரவு என்ன பாடு!

வாயில்லா ஜீவன்களோ? ஐப்பசி மழையில் குளங்கள் நிறையும்போது பறவைகள் வருகின்றன. இருட்டில் வெடி வெடித்தால் அவை பதறிப் பறந்து மரத்திலும் கம்பியிலும் மோதுகின்றன. கூட்டை விட்டு ஓடுகின்றன. நம் வயலில் கூலி கேட்காமல் பூச்சி பொறுக்கும் கொக்கும் அதில் உண்டு.

இதைப் புரிந்துகொண்ட ஏழை ஜனங்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். நாங்குநேரி வட்டாரத்துக் கூந்தன்குளத்தில் நாரையும் கூழைக்கடாவும் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. ஊரார் வெடி போடுவதில்லை. பறவை எச்சம் கலந்த குளத்து வண்டல் அவர்கள் வயலுக்கு உரமாகிறது. சிவகங்கை ஜில்லா கொள்ளுக்குடிப்பட்டியிலும் பல்லாண்டுகளாக வெடியில்லாத தீபாவளிதான். எந்தப் போலீசும் அவர்களைத் தடுக்கவில்லை. அவர்களே கூடி முடிவு செய்தார்கள்.

"பட்டாசு வேண்டாமென்றால் சிவகாசித் தொழிலாளி என்ன ஆவான்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் பேரியம் உப்பைத் தடுத்தது. வெடிக்க 2 மணி நேரம் மட்டும் தந்தது. ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. தீர்ப்பு காற்றைக் காக்க வந்தது. பட்டினியைத் தொழிலாளி தலையில் கட்டினார்கள். அதை நாம் ஏற்க முடியாது.

ஆகவே நாம் கோருவது இது: உள்குத்தகையை ஒழி! எண்ணிக்கைக் கூலிக்குப் பதிலாக மாதச் சம்பளம் கொடு! ஆலை மூடினால் நிவாரணமும் மாற்று வேலையும் கொடு! மாண்டவர் குடும்பத்துக்கு நஷ்ட ஈட்டை அலைக்கழிக்காமல் கொடு!

அதுவரை நம் கையில் இருப்பதை நாம் செய்வோம். கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் வரி பிரிக்கும்போது வெடிச் செலவைக் குறைப்போம். தேர்தல் வெற்றிக்குச் சரவெடி கொளுத்துவது நம் தோழரே ஆனாலும் தடுப்போம். குளக்கரையிலும், நோயாளியும் கைக்குழந்தையும் உள்ள தெருவிலும் வெடிப்பதில்லை என்று இந்தத் தீபாவளிக்கே தெருத்தெருவாகக் கூடி முடிவெடுப்போம்.

கூந்தன்குளத்தாரால் முடிந்தது சுரண்டையாரால் முடியாதா? முடியும், தோழர்களே!