கோடையில் வாசிக்க: நீரிழிவு கண்டோர் எழுதிய நூல்கள்
(விடுமுறைத் தொடக்கத்தில் பங்கு மக்கள் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



கோடை விடுமுறையில் எந்த நூலை வாசிக்கலாம் என்று பிள்ளைகள் நம்மிடம் கேட்டனர். அவர்களுக்கும், வீட்டில் சர்க்கரை நோயோடு வாழும் பெரியோருக்கும் பயன்படும்படி மூன்று ஆசிரியர்களை இன்று அறிமுகம் செய்கிறோம். மூவருமே நீரிழிவு கண்டவர்கள்.

நமக்கும் இந்நோய் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் முதல் இரண்டு ஆண்டுகள் நாம் அதை மறைத்தோம். வீடு மந்திரிக்கச் சென்ற இடங்களில் லட்டை மறுத்தால் காரணம் சொல்லவேண்டுமே என்று வெட்கப்பட்டு வாங்கி உண்டோம். காலில் பட்ட சிறு காயம் மூன்று மாதமாகியும் ஆறாதபோதுதான் வாய் திறந்தோம். அந்த வெட்கத்தைப் போக்கியவை இந்நூல்களே.

முதலாமவர் ராபின் லாரன்ஸ். ஸ்காட்லாந்தில் பிறந்து லண்டனில் பணியாற்றிய மருத்துவர். நோய் கண்டபோது அதற்கு மருந்தில்லை. சாவை எதிர்பார்த்து இத்தாலியின் பிளாரன்ஸ் நகருக்குச் சென்று தங்கினார். கனடாவின் டொராண்டோ நகரில் 1921-22ல் இன்சுலின் கண்டறியப்பட்டது. 1923ல் லண்டனிலிருந்து நண்பர் அழைக்க, திரும்பி வந்து ஊசி போட்டுப் பிழைத்தார். 1925ல் 'தி டயபெடிக் லைஃப்' என்னும் நூலை எழுதினார். 1934ல், தாமும் நீரிழிவாளரான எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸோடு சேர்ந்து நீரிழிவாளர் சங்கம் ஒன்றை நிறுவினார். 1968 வரை வாழ்ந்தார். அந்நூலின் மருத்துவம் இன்று பழையதாயிற்று. அவர் தரும் துணிவு பழையதாகவில்லை.

இரண்டாமவர் அமெரிக்கரான ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன். 1946ல், 12 வயதில் நோய் கண்டவர், தொழிலால் பொறியாளர். 1969ல் ரத்தத்தின் சர்க்கரையை அளக்கும் கருவி மருத்துவருக்கே விற்கப்பட்டது. ஆகவே மருத்துவரான தம் மனைவியின் பெயரில் அதை வாங்கி, தம்மைத் தாமே நாளுக்குப் பலமுறை சோதித்தார். பொறியாளர் சொல்வதை மருத்துவ உலகம் ஏற்காததால், நாற்பது வயதைக் கடந்தபின் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1997ல் தம் முறையை நூலாக வெளியிட்டார்.

மூன்றாமவர் சோனியா சோட்டோமேயர். 2009ல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானவர். 2013ல் வெளிவந்த 'மை பிலவட் வேர்ல்ட்' என்னும் தன்வரலாற்றின் தொடக்கமே இன்சுலின் ஊசிதான். ஊசியை யார் போடுவது என்று தாயும் தந்தையும் சண்டையிட, ஏழு வயதுச் சிறுமி தானே போட்டுக்கொள்ளக் கற்றாள். ஒன்பது வயதில் தந்தையை இழந்தாள். அந்தக் கோடையில் அவளுக்கு ஆறுதல் தந்தவை நூல்களே. பிற்காலத்தில் தம் நோயைப் பிறரிடம் சொல்லாதிருந்ததால் நேர்ந்த ஆபத்தையும் அவர் ஒளிக்காமல் எழுதுகிறார். சிறுவர்களுக்கு அவர் எழுதிய 'ஜஸ்ட் ஆஸ்க்!' 2019ல் வந்தது. உணவகத்தில் ஊசி போட்டுக்கொண்ட தம்மைப் போதைப் பழக்கம் உள்ளவர் என்று ஒரு பெண் தவறாக எண்ணியதே அந்நூலுக்குத் தூண்டுதல்.

ஓர் எச்சரிக்கை. இம்மூவருக்கும் வந்தது இன்சுலின் இல்லாமல் உயிர்வாழ இயலாத வகை. நம் பெரியோரில் பெரும்பாலோருக்கு இருப்பது வேறு வகை. எனவே நூலைப் பார்த்து மருந்தையும் உணவையும் மாற்றாதீர்கள்; உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

பிள்ளைகளே, இவை ஆங்கில நூல்கள். நீங்கள் வாசித்து, மாலை வேளையில் தாத்தா பாட்டிக்குத் தமிழில் கதையாகச் சொல்லுங்கள். கேட்டு முடித்ததும், "எனக்கும் அப்படித்தான்" என்று அவர்கள் பேசத் தொடங்கினால், குறுக்கிடாமல் கேளுங்கள். மறைக்கும் நோயே கொடிது என்பதை நாம் பட்டறிந்து சொல்கிறோம்.

இனி எம் வருகையின்போது லட்டு வேண்டாம்; ஒரு குவளை மோர் போதும்.