விருந்தினர் துயிலும் அறை



விருந்தோம்பல் என்றவுடன் யாவர் உள்ளத்திலும் எழுவது வாழையிலையும் அதன்மேல் படைக்கப்பெறும் உணவுமே. கறி எத்தனை, கூட்டு எத்தனை என்று எண்ணியே ஒரு வீட்டின் விருந்தோம்பலை அளப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால், உண்ணும் பொழுது ஒரு நாழிகை; உறங்கும் பொழுதோ ஓரிரவு. அவ்வோரிரவை விருந்தினர் எங்ஙனம் கழித்தார் என்று வினவுவோர் மிகச் சிலர். வினவினாலும் உண்மை வெளிப்படுவதில்லை. ‘நன்றாகத் தூங்கினேன்’ என்பது விருந்தினர் பலரும் காலையில் கூறும் முதற்பொய்.

ஊரிலிருந்து மருத்துவம் பார்த்துக்கொள்ள நகருக்கு வரும் ஒரு முதியவளை எண்ணிப் பாருங்கள். வந்திருப்பது தம்பி மகன் வீடு. அன்பான பிள்ளைதான், வயிறார உணவும் இட்டுவிட்டான். இரவு பத்து மணிக்கு ஓர் அறையைக் காட்டி, “அத்தை, இங்கே படுத்துக்கொள்ளுங்கள்” என்று கதவைச் சாத்திச் செல்கின்றான். கட்டிலின் கீழே அரிசி மூட்டை. தலைமாட்டில் பழைய செய்தித்தாள் கட்டு. மூலையில் உடைந்த மிதிவண்டி. தன் பையை வைக்க ஒரு சாண் இடமும் அவளுக்கு இல்லை. விசிறி விரைந்து சுழல்கின்றது, குளிர்கின்றது. சுவரிலுள்ள சொடுக்கிகள் நான்கனுள் விசிறிக்குரியது எது? தெரியவில்லை. நீர்வேட்கை எடுக்கின்றது; தண்ணீர் அடுக்களையில் இருக்கின்றது. கழிவறைக்குச் செல்லும் வழி இருளாய்க் கிடக்கின்றது. உழைத்துக் களைத்து உறங்குவோரை எழுப்ப அவளுக்கு உள்ளம் வரவில்லை. கிழக்கு வெளுக்குமட்டும் விழித்துக் கிடந்தவள், காலையில், “நன்றாகத் தூங்கினேனப்பா” என்கின்றாள்.

மீண்டும் மருத்துவரைக் காணவேண்டிய நாளில் அவள் வரவில்லை. வரவேண்டாவென்று எவரும் சொல்லவில்லை. அந்த அறை சொல்லிவிட்டது.

இதற்குக் கரணியம் அன்பின்மை அன்று, எண்ணிப் பாராமையே. எண்ணிப் பார்ப்பதற்கு வேண்டிய குறிப்பு விருந்து என்னும் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றது. விருந்து என்பதன் முதற்பொருள் புதுமை. தொல்காப்பியர் செய்யுளியலில் வனப்பு எட்டனுள் ஒன்றாக விருந்தைக் கூறுவது புதிதாகப் புனையப்படும் யாப்பைக் குறித்தே. புதிதாக வந்த மாந்தனுக்கு அச்சொல் ஆகிவந்தது. வீட்டார்க்கு எல்லாம் பழகியவை. இருளிலும் அவர்கள் கை விளக்கின் சொடுக்கியைத் தானே சென்று தொடும். புதியவனுக்கோ ஒவ்வொன்றும் கேட்டறிய வேண்டியது. கேட்பதற்கு நாணுவதும் புதியவன் இயல்பு. ஆகவே, அவன் கேளாமலே எல்லாவற்றையும் அடையும்படி அமைந்த அறையே விருந்தினர்க்குரிய அறை. விலையுயர்ந்த கட்டிலும் பூவேலை செய்த விரிப்பும் அதற்குப் பின்னரே.

படுக்கையின் விலை துயிலைத் தாராது என்பதற்குத் தமிழ் நூல்களே சான்று. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் பாண்டியன் அரசியின் கட்டில் விரித்துக் கூறப்பெறுகின்றது. நாற்பது ஆண்டு நிரம்பிய களிற்றின் மருப்பால் இழைத்த வட்டக்கட்டில் அது. அன்னத்தின் மென்தூவி பரப்பிய மெத்தை அதன்மேல். அத்தகைய கட்டிலில் இருந்தும் அரசிக்குத் துயிலில்லை. கணவன் பாசறையில், அவள் நெஞ்சில் ஏக்கம்.

இனி, மற்றொரு கட்டிலைக் காணுங்கள். அது புறநானூற்றின் 50ஆம் பாட்டில் உள்ளது. மோசிகீரனார் என்னும் புலவர் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையைக் காண வந்தார். வழிநடந்த களைப்பு. அரண்மனையில் ஒரு கட்டில் வெறுமையாய்க் கிடந்தது. அதன்மேல் மென்மையான பூக்கள் பரப்பியிருந்தன. அது வீரமுரசு வைக்கும் கட்டில். முரசை நீராட்டக் கொண்டுபோயிருந்தனர். இஃதறியாத புலவர் அதில் ஏறிப் படுத்து உறங்கிவிட்டார். அதில் படுப்போரை வாளால் இருகூறாக்குவதே அற்றைநாள் வழக்கு. வந்த மன்னன் வாளை ஓங்கவில்லை. தமிழை நன்கறிந்தவர் என்று கண்டு வெட்டாது விட்டான். அத்தோடு நில்லாமல், அருகில் வந்து தன் முழவுபோன்ற தோளை உயர்த்திக் கவரி கொண்டு வீசினான்.

இக்கதையைப் புலவர்க்குக் கிடைத்த பெருமையாகவே பலரும் கூறுவர். இதில் இன்னொன்றும் உண்டு. புலவர் அறியாதவர், புதியவர், பிழைசெய்தவர். அப்பிழையை மன்னன் அவர்மேல் ஏற்றவில்லை. களைத்து வந்தவன் கிடைத்த இடத்தில் படுப்பான் என்று உணர்ந்தான். எழுப்பவும் இல்லை. விருந்தினனின் துயில் அரசின் முரசினும் பெரிதென்று அன்று கருதப்பட்டது. இன்று ஒரு வீட்டில் விருந்தினர் தவறான துண்டை எடுத்துவிட்டால், தவறான நாற்காலியில் அமர்ந்துவிட்டால், வீட்டார் முகம் சுருங்குகின்றது. முகம் சற்றே திரியினும் விருந்தினர் உள்ளம் வாடிவிடும் என்று வள்ளுவர் தம் 9ஆம் அதிகாரத்தில் எச்சரித்தது இதனையே.

அறிமுகம் அற்றவனுக்கும் படுக்க இடம் அமைத்துவைத்தவை பழைய தமிழ் வீடுகள். தெருவைப் பார்த்த திண்ணை வீட்டாருக்கு மட்டும் உரியதன்று, வழிப்போக்கனுக்கும் உரியது. சில திண்ணைகளின் ஓரத்தில் தலைவைப்பதற்கென்றே சுண்ணச்சாந்தால் ஒரு சரிவைக் கட்டியிருப்பர். கதவருகே விளக்கு வைக்க மாடம் இருக்கும். யார் வருவார் என்று தெரியாதபோதே, வருபவனின் தலைக்கு உயரமும் கண்ணுக்கு ஒளியும் வேண்டும் என்று எண்ணிய கொத்தனின் கைவேலை அது. திண்ணைகள் பெரிதும் மறைந்துவிட்டன. அவ்வெண்ணம் மறையவேண்டுவதில்லை.

எனவே, விருந்தினர் அறையை ஒழுங்குசெய்வோர் முதற்கண் செய்யவேண்டுவது ஒன்றைச் சேர்ப்பதன்று, பலவற்றை நீக்குவது. மூட்டையும் உடைந்த பொருளும் வெளியேறட்டும். ஓர் அடுக்கேனும் வெறுமையாய் இருக்கட்டும். ஈரத்துணி உலர்த்த ஒரு கொடியும் சட்டை மாட்ட இரண்டு முளைகளும் போதும். ‘இந்த இடம் உமக்கென்று விடப்பட்டது’ என்று அவ்வெறுமை சொல்லும்.

அடுத்தது காற்று. எதிரெதிராக இரண்டு பலகணிகள் இருப்பின் விருந்தினர் வருமுன் அரைநாளேனும் அவற்றைத் திறந்து வைக்கவேண்டும். பூட்டிக்கிடந்த அறையின் புழுக்க நாற்றம் வேறெதனாலும் போகாது. மெத்தையையும் தலையணையையும் நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். இலவம்பஞ்சு துவைத்தால் கட்டிதட்டும். ஆதலின் உறையைத் துவைத்துப் பஞ்சை வெயிலிலிட்டுத் தட்டிவிடுதலே முறை. மரக்கட்டிலின் பொருத்துகளில் மூட்டைப்பூச்சி தங்கும். அங்குக் கொதிநீர் ஊற்றி உலர்த்தவேண்டும். கட்டில் முழங்கால் உயரத்திற்கு மேற்படாதிருப்பின், முதியோர் எழும்போது அடி தரையில் ஊன்றும். தரையில் படுத்தே பழகியவர்க்குக் கோரைப்பாயே இன்பம். பொருநையாற்றங்கரைப் பத்தமடையில் நெய்யும் பாய்க்கு எந்த மெத்தையும் ஈடாகாது என்பாரும் உளர். எது வேண்டுமென்று படுக்குமுன் கேட்டறிவது வீட்டார் கடன்.

கொசுவலை கட்டாயம் வேண்டும். 1897இல் செகந்திராபாத்தில் இரொனால்டு இராசு என்னும் மருத்துவர், மலேரியாக் காய்ச்சலின் நுண்ணுயிரைக் கொசுவின் வயிற்றில் கண்டார். கொசுக்கடி வெறும் தொல்லையன்று, நோயின் வாயில் என்பது அதனால் தெளிவாயிற்று. விருந்துக்கு வந்தவர் நோயோடு திரும்பினால் இட்ட சோற்றால் என்ன பயன்?

இவற்றுக்கு மேல், படுத்தபடியே கைக்கு எட்டும் தொலைவில் ஒரு முக்காலி. அதன்மேல் மூடிய செம்பில் தண்ணீர், ஒரு குவளை, மின்வெட்டு நேர்ந்தால் கொளுத்த ஒரு கைவிளக்கு, மருந்து உண்போர் மருந்தை வைக்கச் சிறிது இடம். கைப்பேசிக்கு மின்னேற்றும் துளை எங்குள்ளது என்றும் காட்டிவிடுக. காலடியில் மடித்த போர்வை. அதன்மேல் துவைத்த துண்டு. கழிவறைக்குச் செல்லும் வழியில் இரவு முழுதும் ஒரு சிறு விளக்கு. கதவுக்கு உள்தாழ்ப்பாள், பெண்களுக்கு அதுவே பாதித் துயில். எது விசிறி, எது விளக்கு என்று சொடுக்கிகளின் அருகே தமிழில் எழுதி ஒட்டினால் குறைந்தா போய்விடும்?

தனியறைக்கு எங்கே போவது என்று ஓரறை வீட்டினர் கேட்கலாம். கேள்வி நேர்மையானது. அறை இல்லாவிடினும் மூலை உண்டு. ஒரு கொடியில் சேலையைக் குறுக்கே தொங்கவிட்டால் அதுவே சுவர். காற்றுவரும் பக்கத்தை விருந்தினர்க்கு விட்டு, அதை விட்டுக்கொடுத்ததாகக் காட்டாதிருப்பதே பெரிய ஏந்து. ‘எங்கள் கட்டிலையே உங்களுக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் கிடந்தோம்’ என்று காலையில் சொல்வோர், இரவில் கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொள்கின்றனர்.

பொருநராற்றுப்படையில் கரிகாலன் செய்ததும் இதுவே. வந்த பொருநனின் ஆடை கிழிந்து, வியர்வையில் நனைந்து, ஈரும் பேனும் குடியேறியது. மன்னன் அதனை இகழவில்லை. அதை நீக்கிப் பாம்பின் உரிபோன்ற நுண்ணிய ஆடையை உடுப்பித்தான். பலநாள் தங்கியவன் விடைகேட்டபோது பிரிய மனமின்றி வருந்தினான். தேரேற்றி விடுமுன் ஏழடி பின்னே நடந்து சென்றான். தங்கியவனுக்கு அந்த ஏழடி சொல்லும் பொருள் ஒன்றே: மீண்டும் வருக.

இத்தனையும் நினைவில் வையாவிடினும் ஒன்றை மட்டும் செய்யலாம். வீட்டுத் தலைவனும் தலைவியும் ஆண்டுக்கு ஓரிரவு அந்த அறையில் விருந்தினராகப் படுத்துப் பார்க்கட்டும். கையில் பையோடு உள்ளே சென்று கதவைச் சாத்தட்டும். பையை எங்கே வைப்பது? தண்ணீர் எங்கே? நள்ளிரவில் எழுந்தால் கால் எதில் இடறுகின்றது? அறையின் குறையை விருந்தினர் ஒருபோதும் சொல்லார். அந்த ஓரிரவு சொல்லிவிடும். மறுநாள் குறைகளைக் களைந்து முக்காலியில் ஒரு செம்பு நீரை வைத்துவிட்டு, ஊருக்கு ஒரு சொல் அனுப்பட்டும்: “அத்தை, மருத்துவரிடம் போகவேண்டிய நாள் வந்துவிட்டது; புறப்பட்டு வாருங்கள்.”