கண்ணை மூடி உயர்த்திய கை



"டெங்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. நோயாளியை வீட்டுக்கு அனுப்பலாமா?" மருத்துவ பீட விரிவுரையில் நாங்கள் இப்படிக் கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. விளங்கிவிட்டதென்று எண்ணி அடுத்த பகுதிக்குப் போய்விடுவோம். ஒருநாள், பெயர் காட்டாமல் கைபேசியில் விடையளிக்கும் மென்டிமீற்றரைப் பயன்படுத்தினோம். பலர் "அனுப்பலாம்" என்றிருந்தனர். காய்ச்சல் தணியும் வேளையில்தான் குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசிந்து உயிராபத்து நேரலாம். நல்லவேளையாக, அந்தப் பிழை வாட்டுக்குப் போகுமுன் வகுப்பிலேயே வெளிப்பட்டது.

2020இல் ஸூமில் முகம் பாராமல் கற்பித்தோம். 2022 மார்ச் இறுதியில், 13 மணிநேர மின்வெட்டில் அதுவும் நின்றது. சிறு ஒலிப்பதிவுகளை வட்சப்பில் அனுப்பினோம். கருவியைத் தெரிவுசெய்யும்போது, பழைய கைபேசியோடு கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையை முதலில் நினைக்கவேண்டும் என்று அப்போது கற்றோம்.

இந்தப் பாடசாலையில் எங்கள் கணித ரீச்சர், "கண்ணை மூடுங்கோ பிள்ளையள். விளங்காத ஆக்கள் கையை உயர்த்துங்கோ" என்பார். வெட்கமின்றி உயர்த்தினோம். கோபிக்காமல் கரும்பலகையை அழித்து மறுபடி தொடங்குவார். எந்தக் கருவியை எடுத்தாலும், திரையில் பிழை தெரிந்தபின் நாங்களும் அப்படித்தான் மறுபடி தொடங்கவேண்டும்.