கேஷ்லெஸ் பட்டியலைத் தயாரிப்பவர்கள் பார்க்க வேண்டியது
(நமது சங்கத்தின் கொல்கத்தா கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மெடிக்ளெய்ம் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். எந்தக் கம்பெனி பாலிசி மலிவு, எதற்கு வரிவிலக்கு உண்டு என்பதையெல்லாம் உங்கள் ஏஜெண்ட் என்னைவிட நன்றாகவே சொல்லிவிடுவார். முப்பது வருஷம் பொது இன்ஷூரன்ஸ் துறையில் இருந்தவன் என்ற முறையில், ஏஜெண்ட் சொல்லாத ஒன்றைப் பற்றிப் பேச உத்தேசம். நம்மிடம் பிரீமியம் வாங்குகிற கம்பெனி, நாம் போய்ப் படுக்கும் ஆஸ்பத்திரி பத்திரமானதுதானா என்று பார்க்கிறதா? பார்க்க வைக்க முடியுமா?

நம் குடும்பங்களின் இன்றைய நிலை உங்களுக்குத் தெரியும். பிள்ளை அமெரிக்காவில், பெண் பெங்களூரில். இங்கே லேக் மார்க்கெட் பக்கம் மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் எழுபது தாண்டிய இருவர். ராத்திரி இரண்டு மணிக்கு மார்பு வலி என்றால் பிள்ளை போனில் முதலில் கேட்பது, "அப்பா, அந்த ஆஸ்பத்திரியில் கேஷ்லெஸ் இருக்கோ?" என்பதுதான். ஆக, ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுப்பது டாக்டரும் அல்ல, நாமும் அல்ல, டி.பி.ஏ. தந்த பட்டியல். பட்டியலில் பெயர் இருந்தால் யாரோ சோதித்துப் பார்த்துத்தான் சேர்த்திருப்பார்கள் என்று நம்புகிறோம்.

பாலிசியில் 'ஆஸ்பத்திரி' என்பதற்கு என்ன இலக்கணம் என்று படித்துப் பாருங்கள். பத்து லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள ஊரானால் 15 படுக்கை, சிறிய ஊரானால் 10. இருபத்து நாலு மணி நேரமும் நர்ஸ், டாக்டர். ஆபரேஷன் தியேட்டர். தினசரிப் பதிவேடு. அதற்கு மேல் பேச்சுவார்த்தையெல்லாம் பெரும்பாலும் ரேட் பற்றித்தான்.

இந்த ஊர்க்காரர்களுக்கு 2011 டிசம்பர் 9 மறந்திருக்காது. வெளியூர் அங்கத்தினர்களுக்காகச் சொல்கிறேன். டாக்குரியாவில் இருந்த ஆம்ரி மருத்துவமனையில் விடியற்காலையில் தீப்பிடித்தது. நாம் மாலையில் நடக்கப் போகிற ஏரிக்கு அந்தப் பக்கம்தான். கார் நிறுத்த வேண்டிய அடித்தளத்தில் எரியக்கூடிய சாமான்களை அடைத்து வைத்திருந்தார்கள். மேலே, சுற்றிலும் கண்ணாடி போட்டு மூடிய ஏ.ஸி. கட்டடம். புகை குழாய் வழியாக வார்டுக்கு வார்டு ஏறியது, வெளியேற வழியில்லை. சுமார் 90 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் நெருப்பால் அல்ல, புகையால், படுத்த படுக்கையிலேயே. நோயாளிகளைத் தூக்கிக் காப்பாற்றிய கேரளத்து நர்ஸ்கள் இருவரும் உயிர் விட்டார்கள். பக்கத்துக் குடிசைவாசிகள்தான் முதலில் ஓடி வந்தவர்கள். 2023-ல் அந்த ஆஸ்பத்திரியின் நிர்வாகம் கைமாறிவிட்டது.

இதில் என் மனதை உறுத்துவது ஒன்று. ஹூக்ளிக் கரையில் சணல் மில்லுக்குத் தீ இன்ஷூரன்ஸ் கொடுப்பதற்கு முன், கம்பெனி எஞ்சினியரை அனுப்பும். கோடவுனில் மூட்டை எப்படி அடுக்கியிருக்கிறது, ஹைட்ரண்டில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார்கள். ஸ்ப்ரிங்க்ளர் இருந்தால் பிரீமியத்தில் தள்ளுபடி உண்டு. சணல் மூட்டைக்கு இவ்வளவு பார்க்கிற தொழில், ஐ.ஸி.யு.வில் படுத்திருக்கும் பாலிசிதாரருக்காக ஆஸ்பத்திரி அடித்தளத்தை எட்டிப் பார்க்கக் கூடாதா? அதற்கு மருத்துவப் படிப்பு தேவையில்லை.

கோர்ட் இருக்கிறதே என்பீர்கள். அதே ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்டதுதான் அனுராதா சாஹா வழக்கு. அமெரிக்காவிலிருந்து கொல்கத்தா வந்த இளம் பெண். தோலில் வந்த கோளாறுக்கு அளவுக்கு மீறி ஸ்டீராய்டு. 1998 மே மாதம் காலமானார். கணவரும் டாக்டர்; விடாமல் போராடினார். சுப்ரீம் கோர்ட் சுமார் 6 கோடி ரூபாய் நஷ்ட ஈடு விதித்தது 2013 அக்டோபரில். பதினைந்து வருஷம்! நம்மில் எத்தனை பேருக்கு அந்தத் தெம்பும் ஆயுளும் இருக்கும்? 2017-ல் மேற்கு வங்கம் தனிச் சட்டம் போட்டு, தனியார் ஆஸ்பத்திரிகளைப் பற்றிய புகார்களுக்கு ஒரு கமிஷன் அமைத்தது. நல்லதுதான். ஆனால் அதுவும் நடந்த பிறகு போகிற இடம்.

நடப்பதற்கு முன் கை வைக்கக் கூடியவர் யார்? பணம் கொடுப்பவர்தான்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஐ.ஸி.யு.வில் கழுத்து, மார்பு வழியாகப் பெரிய நரம்பில் குழாய் போடுவார்கள் அல்லவா, அதன் வழியாக ரத்தத்தில் கிருமி ஏறி இறப்பவர்கள் அநேகம். பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்ற டாக்டர் ஐந்தே விஷயம் எழுதினார். கையைக் கழுவு, தோலை மருந்தால் துடை, நோயாளியை முழுக்க மூடிவிட்டுப் போடு, தொடை இடுக்கைத் தவிர், தேவை முடிந்ததும் குழாயை எடு. நம் பாட்டி மடி ஆசாரத்துக்குச் சொன்னதைவிடக் குறைவான விதிகள்! ஆனால் ஒன்று சேர்த்தார்: டாக்டர் ஒரு படியைத் தாண்டினால் நர்ஸ் நிறுத்தலாம். நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.ஸி.யு.க்களில் 2004 வாக்கில் இதைச் செய்து, பதினெட்டு மாதத்தில் தொற்று 66 சதவீதம் வரை குறைந்தது. அம்மாநிலத்தின் பெரிய இன்ஷூரன்ஸ் நிறுவனமான ப்ளூ கிராஸ் ப்ளூ ஷீல்டு, இப்படிப்பட்ட முயற்சிகளில் சேரும் ஆஸ்பத்திரிகளுக்கு ஊக்கத் தொகை தந்தது. 2008 அக்டோபரிலிருந்து அமெரிக்க அரசின் மெடிகேர் திட்டம் இன்னொரு பக்கம் பிடித்தது. வயிற்றுக்குள் சாமானை வைத்துத் தைத்தால், பொருந்தாத ரத்தம் ஏற்றினால், அதனால் கூடும் செலவைத் தரமாட்டேன் என்றது.

அதோடு நம் நிலையை ஒப்பிடுங்கள். இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து வீடு வந்த மாமி, பத்தாம் நாள் சீழ் பிடித்து அதே ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிறாள். இன்னொரு க்ளெய்ம். அதுவும் அவளுடைய 5 லட்சத்திலிருந்தே கழிகிறது. ஆஸ்பத்திரியில் பிடித்த தொற்றுக்கும் செலவு நம் கணக்கு; ஆஸ்பத்திரிக்கோ இரண்டாவது பில்!

அந்த இரண்டாவது க்ளெய்ம் கம்பெனியின் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. எந்த ஆஸ்பத்திரியிலிருந்து போனவர்கள் முப்பது நாளுக்குள் அதே உபாதையோடு திரும்புகிறார்கள் என்று கூட்டிப் பார்க்க ஒரு குமாஸ்தா போதும். கூட்டிப் பார்த்து, அதிகம் உள்ள இடத்தில் காரணம் கேட்க வேண்டும். ஒரேயடியாகப் பணத்தை நிறுத்தினால் ஆபத்து: மறைப்பார்கள், சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ள கிழவர்களைச் சேர்க்கவே யோசிப்பார்கள். முதலில் கேள்வி, பிறகு ரேட்.

நம் தேசத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லக் கூடாது. சி.ஜி.எச்.எஸ். அட்டை வைத்திருக்கும் ரிடையரானவர்கள் இங்கே பலர் உண்டு. அத்திட்டத்தில் என்.ஏ.பி.எச். தரச்சான்று இல்லாத ஆஸ்பத்திரிக்குக் கட்டணம் 15 சதவீதம் குறைவு. 2018-ல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டத்திலும் தரச்சான்றுக்குக் கூடுதல் தொகை வைத்தார்கள். தனியார் பாலிசிகளுக்கும் 2016-ல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் விதி போட்டது: பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகள் இரண்டு வருஷத்துக்குள் ஆரம்ப நிலைத் தரச்சான்றாவது பெற வேண்டும் என்று. கெடு வந்ததும் தள்ளிப் போட்டார்கள். 2024-ல், கேஷ்லெஸ் அனுமதி ஒரு மணி நேரத்தில், டிஸ்சார்ஜ் அனுமதி மூன்று மணி நேரத்தில் என்று உத்தரவு வந்தது. வாசலில் காத்திருந்து களைத்தவர்களுக்கு உபகாரம்தான். உள்ளே போன பிறகு என்ன ஆகிறது என்பதற்கும் அதே கண்டிப்பு வேண்டாமா?

தனி மனிதர் கடிதம் போட்டால் அச்சடித்த பதில் வரும். குரூப் பாலிசி என்றால் கதை வேறு. முன்னூறு குடும்பம் போய்விடும் என்றால் ரீஜனல் மேனேஜரே காபி வாங்கித் தருவார், பார்த்திருக்கிறேன். நம் கிளைகளில் குரூப் பாலிசி உள்ளவர்கள், அடுத்த புதுப்பிப்பின்போது பிரீமியத்தில் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி மன்றாடுவதோடு நிறுத்த வேண்டாம். பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தரச்சான்று உண்டா, எந்தத் தேதி வரை, தீயணைப்புச் சான்று நடப்பில் உள்ளதா என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்குப் பின் ஒரு மாதத்துக்குள் திரும்பியவர்கள் எத்தனை என்றும் கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு முதல் வருஷம் பதில் வராது. அடுத்த வருஷமும் கேளுங்கள்.

கடித வாசகத்தின் நகலைச் செயலாளரிடம் தந்திருக்கிறேன். வெளியூர்க் கிளைகளுக்கும் அனுப்புவார். இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம். எந்தப் பாலிசி மலிவு என்றும் தாராளமாகக் கேட்கலாம்.