குறை ஒன்று வேண்டும்

மாணவ நண்பர்களே,

விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றால், ஓய்வு பெற்ற தலைமையாசிரியருக்கு விளையாட்டில் என்ன வேலை என்று நீங்கள் எண்ணக்கூடும். அதிலும் நான் பேசப்போவது பந்தும் மட்டையும் கொண்டு ஆடும் ஆட்டம் அன்று. ஒரு மேசை, சில பகடைகள், எழுதுகோல், தாள், நாலைந்து நண்பர்கள். அதற்கு வேண்டுவன இவ்வளவே. அமெரிக்காவிலே பிறந்து இன்று உலகின் பல பகுதிகளிலும் ஆடப்படும் அவ்வாட்டத்தில், ஒவ்வொருவரும் ஒரு புதிய மனிதனைக் கற்பனையிலே படைத்து, அம்மனிதனாகவே பேச வேண்டும், நடக்க வேண்டும். அப்படி ஒருவனைப் படைப்பது எப்படி என்பதே இன்றைய பேச்சு. முதன்முறை நான் அதைத் தவறாகச் செய்தேன். திருத்திக் கற்பித்தவள் பதினான்கு வயதுள்ள என் பேத்தி.

முதலில் ஆட்டம் பிறந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர், நெப்போலியன் காலத்துப் போர் ஒன்றை மேசைமேல் ஆட ஏற்பாடு செய்தார். இரு படைகளுக்கு இடையே அகப்பட்ட பிரவுன்ஸ்டைன் என்னும் கற்பனை ஊர் அதன் களம். படைத்தலைவர்களாக இருவர் போதும். ஆனால் ஆட வந்தவர்களோ பலர். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப மனமின்றி, ஒருவரை நகரத் தலைவர் என்றார். ஒருவரை வங்கியாளர் என்றார். ஒருவரைப் பல்கலைக்கழகத் தலைவர் என்றார். நடந்தது என்ன? படைகளை யாரும் பொருட்படுத்தவில்லை. ஒருவரோடொருவர் பேசினர், இரகசியமாகக் கூடினர், சண்டைக்கும் அழைத்தனர். எதிர்பார்த்த போர் நடைபெறவே இல்லை. தம் முயற்சி தோற்றுவிட்டது என்று வெஸ்லி வருந்தினார். ஆடியவர்களோ, மீண்டும் எப்போது என்று கேட்டார்கள்!

அங்கே ஆடியவர்களுள் ஒருவர் டேவ் ஆர்னெசன் என்னும் கல்லூரி மாணவர். அவர் அம்முறையை மாயமும் அரக்கரும் நிறைந்த கற்பனை நாட்டுக்குக் கொண்டு சென்றார். விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் கேரி கைகாக்ஸ் என்பவர் இருந்தார். காப்பீட்டு நிறுவன வேலையை இழந்து, காலணி செப்பனிட்டுப் பிழைத்தவர். இருவரும் சேர்ந்து 1974-இல் வெளியிட்டதே ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டம். ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள். முதலில் அச்சானவை ஆயிரம் பிரதிகள்.

ஆட்டத்தின் நடைமுறை எளியது. ஒருவர் நடத்துநராக அமர்ந்து, “நீங்கள் ஒரு பாழடைந்த கோட்டை வாயிலில் நிற்கிறீர்கள், உள்ளே அழுகுரல் கேட்கிறது, என்ன செய்வீர்கள்?” என்று கேட்பார். மற்றவர்கள் தத்தம் பாத்திரம் செய்யக்கூடியதைச் சொல்வார்கள். முடியுமா, முடியாதா என்ற ஐயம் எழுந்தால் பகடை தீர்ப்பளிக்கும். ஒருவர் வெல்ல மற்றவர் தோற்பது என்பது இதில் இல்லை. எல்லாரும் சேர்ந்து ஒரு கதையைக் கட்டி எழுப்புகிறார்கள், அவ்வளவுதான்.

அக்கதைக்குள் நுழையும் முன் ஒவ்வொருவரும் தமக்கு ஒரு பாத்திரத்தைப் படைத்துக்கொள்ள வேண்டும். வலிமை, அறிவு, விவேகம், உடலுறுதி, லாவகம், பிறரை ஈர்க்கும் ஆற்றல் என ஆறு பண்புகள் உண்டு. 1974-ஆம் ஆண்டு விதிப்படி, ஒவ்வொரு பண்புக்கும் மூன்று பகடைகளை உருட்டிக் கூட்ட வேண்டும். மிகக் குறைவு 3. மிக அதிகம் 18. கணிதம் பயில்பவர்கள் சற்றே கவனியுங்கள். மூன்று பகடைகள் விழக்கூடிய வகைகள் 216. அவற்றுள் 18 வருவது ஒரே ஒரு வகையில்தான். 9 முதல் 12 வரையுள்ள நடுத்தர எண்களோ 104 வகைகளில் வரும், ஏறக்குறையப் பாதி. ஆகவே, பகடை பெரும்பாலும் நம்மைப்போன்ற சாதாரண மனிதர்களையே படைக்கிறது. வீரர்களாவது பிறகு நிகழ்வது.

போதாக்குறைக்கு, ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு தடை விதித்தார்கள். மந்திரவாதி கவசம் அணியக்கூடாது. கட்டாரியன்றி வேறு ஆயுதம் ஏந்தக்கூடாது. தொடக்க நிலையில் நாளொன்றுக்கு ஒரே மந்திரம். போர்வீரனுக்கு வாளும் கவசமும் உண்டு, மந்திரம் கிடையாது. இத்தடைகளெல்லாம் ஏன்? ஒருவரை விட்டு ஒருவர் பிழைக்க முடியாதபடி செய்வதற்கே அல்லவா?

இவ்வளவும் அறியாத நிலையில்தான், விடுமுறைக்கு வந்த பேத்தியும் அவள் தோழர் மூவரும் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆடியபோது, நானும் சேர்ந்துகொள்கிறேன் என்றேன். பகடை உருட்டுவதற்குக்கூடக் காத்திராமல், ஒரு பேரறிஞனைத் தாளில் எழுதினேன். எல்லா மொழியும் அறிந்தவன், வாட்போரில் நிகரற்றவன், நோய் தீர்ப்பவன், பொய்யே சொல்லாதவன், அச்சம் அறியாதவன். இரண்டு பக்கம் நிரம்பிற்று. படித்துப் பார்த்த பேத்தி சற்றுத் தயங்கிவிட்டு, “தாத்தா, இவருக்கு எல்லாமே தெரியும் என்றால் நாங்கள் எதற்கு?” என்று கேட்டாள்.

முப்பத்தாறு ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவனை அந்தக் கேள்வி சுட்டது. நான் எழுதியது ஒரு மனிதனை அன்று, ஒரு நற்சான்றிதழை. அதில் மற்றவர் நுழைவதற்கு ஒரு வாயிலும் இல்லை.

அன்றிரவு எனக்கு வேறொரு வீட்டுப் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். 1826-ஆம் ஆண்டு ஜூன் மாதம், இங்கிலாந்தில் யார்க்ஷயர் பகுதியைச் சேர்ந்த ஹாவொர்த் என்ற ஊரின் பாதிரியார் பேட்ரிக் பிராண்டே, தம் மகனுக்கு மரத்தாலான பொம்மைச் சிப்பாய்கள் பன்னிரண்டு வாங்கி வந்தார். தாயை இழந்த வீடு அது. முந்திய ஆண்டிலேதான் மூத்த பெண்கள் இருவரையும் நோய்க்குப் பறிகொடுத்திருந்தார்கள். எஞ்சிய நால்வரும் ஆளுக்கொரு சிப்பாயை எடுத்துக்கொண்டார்கள். பத்து வயதான ஷார்லட் உயரமும் அழகும் மிக்க சிப்பாயை எடுத்து வெல்லிங்டன் பிரபு என்றாள். மகன் பிரான்வெல் தன்னுடையதை நெப்போலியன் என்றான். எமிலியின் சிப்பாய்க்கு முகம் வாட்டமாக இருந்தது. ஆதலால் அதற்கேற்ற பெயரையே இட்டார்கள். கடைக்குட்டி ஆன், தன்னைப்போலவே சிறியதொன்றை எடுத்தாள். அது ‘ஏவற்பையன்’ ஆயிற்று. பேரரசனோடும் பெருந்தளபதியோடும் ஓர் ஏவற்பையனுக்கும் வாட்டமுகத்தானுக்கும் அக்கதையிலே சம இடம் கிடைத்தது. ஆண்டுக்கணக்கில் அவர்கள் சேர்ந்து வளர்த்த கற்பனை நாடுகளே அம்மூன்று பெண்களுக்கும் எழுத்துப்பயிற்சிக் கூடமாயின. 1847-இல் அம்மூவரின் நாவல்களும் வெளிவந்தன.

மறுநாள் என் பேரறிஞனைக் கிழித்துப்போட்டேன். பகடை தந்த நடுத்தர எண்களை அப்படியே ஏற்று, என்னை நானே நான்கு கேள்விகள் கேட்டுக்கொண்டேன். நீங்களும் குறித்துக்கொள்ளலாம். இவன் எதை விரும்பி வீட்டைவிட்டுப் புறப்பட்டான்? இவனால் செய்ய முடியாதது எது? எதை மறைக்கிறான்? யாருடைய துணை இவனுக்கு வேண்டும்? இவ்வாட்டத்தின் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பும், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கொள்கை, ஒரு பிணைப்பு இவற்றோடு ஒரு குறையையும் எழுதும்படி கேட்கிறது என்பதைப் பின்னர் அறிந்தேன்.

இவ்வாறு பிறந்தவன் வயதான ஒரு வரைபடக்காரன். யாரும் போகாத மலைப்பாதையை வரைந்துவிட்டுக் கண்மூட வேண்டும் என்பது அவன் ஆசை. ஆனால் பார்வை மங்கி வருகிறது. அதை எவரிடமும் அவன் சொல்லவில்லை.

ஆட்டத்தின் மூன்றாம் நாள், வழிகாட்டிக் கல்லில் இருந்த எழுத்தை என் வரைபடக்காரன் தவறாகப் படித்தான். பேத்தியின் தோழர்களுள் ஒரு பையன், வாயைத் திறப்பதே அரிது, ஒரு குட்டித் திருடனாக ஆடிக்கொண்டிருந்தான். அவன் மெல்ல, “பெரியவரே, உங்களுக்கு அந்த எழுத்து தெரியவில்லை. நான் யாரிடமும் சொல்லமாட்டேன். இனி நான் படித்துச் சொல்கிறேன்” என்றான். இரண்டு நாட்களாக அவன் பேசிய மொத்தச் சொற்களைவிட அந்த மூன்று வாக்கியங்கள் அதிகம். அன்று முதல் ஆட்டம் முடியும்வரை அவனே என் கண்.

அப்போது எனக்குப் பழைய மாணவன் ஒருவன் நினைவு வந்தது. அவனுக்குத் திக்குவாய். ஆண்டு விழா நாடகங்களில் கணீரென்று பேசும் பிள்ளைக்கே அரச வேடம் தருவேன். இவனுக்குத் திரை இழுக்கும் வேலை. மூன்று ஆண்டுகள் அவன் திரை இழுத்தான். பள்ளி விட்டுப் போகும் நாளில், “ஐயா, ஒரே ஒரு வரி தந்திருந்தால் திக்கியாவது சொல்லியிருப்பேன்” என்றான். குற்றஞ்சாட்டும் குரலில் அன்று, சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்து அனுப்பிவிட்டேன். திக்கிப் பேசும் ஓர் ஒற்றனையோ அமைச்சனையோ என் நாடகத்தில் படைத்திருக்கலாமே என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. குறையற்றவர்களுக்கே மேடை என்று எண்ணியிருந்தேன்.

மாணவ நண்பர்களே, நீங்கள் இவ்வாட்டத்தை ஆடினாலும் சரி, கதையோ நாடகமோ எழுதினாலும் சரி, புதிய பாத்திரம் ஒன்றைப் படைக்கும்போது அவன் ஆற்றல்களை எழுதச் சில வரிகள் போதும். அதன்பின் அவனால் முடியாதது ஒன்றை எழுதுங்கள். எழுதிவிட்டு, உங்களைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களைப் பாருங்கள். அவர்களுள் அதிகம் பேசாதவர் யாரோ, அவர் வந்து உதவக்கூடிய குறையாக அது இருக்கட்டும்.