சிகிச்சைக்கும் ஒரு கணக்கு நோட்டு
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



பத்து வருஷமா எங்க குழுவுக்குக் கணக்கு நோட்டு எழுதுறது நான்தான். எனக்கு சோரியாசிஸ் இருக்கு. முழங்கை, முதுகு, கால் எல்லாம் செதில் செதிலா உதிரும். ஒரு கூட்டத்துல நான் நீட்டின டீ கிளாஸை ஒரு தங்கச்சி வாங்கவே இல்லை. அவளைக் குறை சொல்லலை. ஒட்டிக்குமோன்னு பயம். ஆனா இது தொற்றுநோய் இல்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தி தடம் மாறி, தோல் வேகமா வளர்றதால வருவது.

தோல் டாக்டர் ஒளி சிகிச்சை எழுதிக் கொடுத்தார். பீரோ மாதிரி ஒரு விளக்குப் பெட்டிக்குள்ள வாரம் மூணு நாள் நிக்கணும். சில நொடியில ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா கூட்டுவாங்க. நல்லாக் குறைஞ்சுது. அப்ப பக்கத்து வீட்டு அக்கா, "அந்த லைட்டு புத்துநோயைக் கொண்டுவரும்டி"ன்னாங்க. பயந்து நிறுத்திட்டேன். மூணே மாசத்துல பழையபடி வந்திருச்சு.

மறுபடி போய் டாக்டர்கிட்டயே கேட்டேன். அக்கா சொன்னது முழுப் பொய் இல்லையாம். 1970-களில் வந்த 'புவா' முறையில் சோராலென் மாத்திரை கொடுத்து, புற ஊதா 'ஏ' கதிரைக் காட்டுவாங்க. அமெரிக்காவில் அதை எடுத்தவங்களைப் பல வருஷம் கவனிச்சதில், 200 தடவைக்கு மேல் போனவங்களுக்குத் தோல் புற்றுநோய் கூடியிருந்தது. அவங்க பெரும்பாலும் வெள்ளை நிறத்தவங்க. நம்ம நிறத்துக்கு ஆபத்து குறைவு, ஆனா இல்லவே இல்லைன்னு சொல்ல முடியாது. எனக்குக் கொடுத்தது வேற. 311 நானோமீட்டர் அளவுள்ள குறுகிய 'பி' கதிர், மாத்திரை கிடையாது. இதனால புற்றுநோய் கூடினதா இதுவரை ஆய்வுகள் காட்டலை. அதுக்காகக் கணக்கில்லாம எடுத்துக்கக் கூடாதுன்னார்.

கணக்குன்னதும் எனக்குப் புரிஞ்சுது. அன்னைக்கே ஒரு நோட்டு போட்டேன். தேதி, எத்தனாவது தடவை, எவ்வளவு அளவு, தோல் சிவந்துதா. ஆஸ்பத்திரி மாறினாலும் நோட்டு கூடவே வரும். இன்னைக்கு வரை 86. கண்ணுக்குக் கண்ணாடி போடாம உள்ளே போகமாட்டேன். வேற மாத்திரை சாப்பிட்டா முன்னாடியே சொல்லிடுவேன், சில மாத்திரை தோலை வெளிச்சத்துக்குத் தாங்காம ஆக்கிடும். வருஷத்துக்கு ஒருமுறை உடம்பு முழுக்கக் காட்டிப் பரிசோதிச்சுக்கிறேன். ஆறாத புண்ணோ, மாறுகிற மச்சமோ இருந்தா அதுவரை காத்திருக்கக் கூடாது. கர்ப்பமா இருக்கிறவங்களும் மறைக்காம சொல்லணும், புவா அவங்களுக்கு ஆகாது.

போன மாசக் கூட்டத்துல அதே தங்கச்சி என் கையால டீ வாங்கிக் குடிச்சுட்டு, "இப்ப எத்தனாவது அக்கா?"ன்னு கேட்டா. அது போதும் எனக்கு.