பேராசிரியர் இருக்கும்போது சட்டாம்பிள்ளை எதற்கு?



புதிதாக ஒரு மொழியைத் தொடங்குகிறவர்களுக்கு வாய்ப்பயிற்சி கொடுக்கும் வேலையை இளங்கலை மாணவர்களிடமே ஒப்படைக்கலாமா? இந்தக் கருத்தரங்கு கூடியிருப்பது இதைப் பேசத்தான். ஒப்படைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் எதற்காக ஒப்படைக்கிறோம் என்ற தெளிவு இல்லாவிட்டால் இந்த முறை கெட்டுவிடும். முன்பு ஒருமுறை கெட்டும் இருக்கிறது. அந்தக் கதை தொடங்கிய இடம் நம் எழும்பூர்.

1789இல் சென்னை ஆண் அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். ஆசிரியர்கள் ஒத்துழைக்காததால் மூத்த பையன்களைக் கொண்டு இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வைத்தார். இப்படி இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் மூத்த மாணவரான சட்டாம்பிள்ளை நம் திண்ணைப் பள்ளிக்குப் புதியவர் அல்லர். இந்த முறையைப் பற்றிப் பெல் 1797இல் லண்டனில் எழுதி வெளியிட்ட பிறகு அது ‘மெட்ராஸ் முறை’ ஆயிற்று. அங்கே ஜோசப் லங்காஸ்டர் இதே வழியில், ஓர் ஆசிரியர் ஆயிரம் பிள்ளைகளைக்கூட நடத்தலாம் என்றார். செலவு குறைகிறதே என்று புரவலர்கள் மகிழ்ந்தார்கள். ஆசிரியர் இருக்க வேண்டிய இடத்தில் பையனை நிறுத்தினார்கள். அவனோ தனக்கே பாதி தெரிந்ததை ஒப்பித்தான். 1846இல் இங்கிலாந்து அரசு சம்பளமும் முறையான பயிற்சியும் கொண்ட மாணவ ஆசிரியர் திட்டத்துக்கு மாறிக்கொண்டது.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள டார்ட்மத் கல்லூரியில் நடந்தது வேறு. அதற்கு ஒரு முன்கதை உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தின் மொழிப் பயிற்சியில் வேலை இரண்டாகப் பிரிந்திருந்தது: மொழியியலாளர் அமைப்பை விளக்குவார், தாய்மொழியாளர் ஒருவர் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பார். 1964இல் ஐவரி கோஸ்ட்டில் அமெரிக்க அமைதிப் படைத் (பீஸ் கோர்) தொண்டர்களுக்கு மொழிப் பயிற்சி நடத்திய ஜான் ராசியாஸ், அந்த அனுபவத்தோடு டார்ட்மத்துக்கு வந்தார். தாய்மொழியாளரின் இடத்தில், அந்த மொழியைச் சில பருவங்களுக்கு முன்புதான் கற்றுத் தேறிய இளங்கலை மாணவரை நிறுத்தினார். பயில்நிலை ஆசிரியர் என்று பெயர். எனக்கு அவரிடம் பிடித்த துணிச்சல் இதுதான்.

அவர்கள் நடத்தும் வாய்ப்பயிற்சி (டிரில்) வகுப்பில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பேராசிரியர் தம் வகுப்பில் இலக்கணத்தை முடித்திருப்பார். டிரிலில் புத்தகம் கிடையாது, ஆங்கிலம் கிடையாது, விளக்கமும் கிடையாது. சிறு குழு. பயிற்றுநரான மாணவர் நின்றுகொண்டு ஒரு வாக்கியம் சொல்வார். எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். பிறகு ஒரு சொல்லை மாற்றுவார், விரலைச் சொடுக்குவார், ஒருவரைப் பார்த்தபடி வேறொருவரைச் சுட்டுவார். சுட்டப்பட்டவர் அந்தக் கணமே வாக்கியத்தை மாற்றிச் சொல்ல வேண்டும். பிழை வந்தால் உடனே சரியான வடிவத்தைக் கொடுத்துச் சொல்ல வைத்து, நாலு பேரைச் சுற்றிவிட்டு மறுபடி அவரிடமே வருவார். ஒரு மணி நேரத்தில் ஒவ்வொருவரும் அறுபது முறைக்கு மேல் வாய் திறப்பதாக அந்த முறையைச் சேர்ந்தவர்கள் சொல்கிறார்கள். நம் மொழி வகுப்புகளில் ஒரு பருவம் முழுக்க அத்தனை முறை பேசிய மாணவரைக் காட்ட முடியுமா?

இதைப் பேராசிரியரே செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பேராசிரியர் முன்னால் தப்பாகப் பேச யாருக்கும் கூச்சம் இருக்கும். தன் விடுதியில் சாப்பிடுகிற, மூன்றாம் ஆண்டு படிக்கிற ஒருவர் முன்னால் அது பாதியாகக் குறையும். பிரெஞ்சில் இறந்தகாலத்துக்குத் துணைவினையாக ‘அவ்வார்’ போடுவதா ‘எத்ர்’ போடுவதா என்று தானே தடுமாறிய நாட்கள் அந்தப் பயிற்றுநருக்கு மறந்திருக்காது. மாணவர் எங்கே வழுக்குவார் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். அந்த இடத்தில் இன்னும் நாலு வாக்கியம் கூட்டுவார். முப்பது ஆண்டு அனுபவமுள்ளவருக்கு அந்த வழுக்கலே கண்ணில் படாமல் போய்விடுகிறது.

எதிர்த்தரப்பின் வாதமும் வலுவானதுதான். மொழியைப் பழக்கமாகப் பார்த்த ஸ்கின்னரின் நூலுக்கு மொழியியலாளர் சாம்ஸ்கி 1959இல் எழுதிய மதிப்புரைக்குப் பிறகு, மொழி வெறும் பழக்கம் என்று சொல்ல முடியாது. பொருள் புரியாமலே சரியாகச் சொல்லிவிடக்கூடிய இயந்திரப் பயிற்சியையும், பொருள் புரிந்தால்தான் சொல்ல முடிகிற பயிற்சியையும், மாணவர் தன் சொந்தச் செய்தியைச் சொல்கிற பயிற்சியையும் மொழிக் கல்வியாளர் கிறிஸ்டினா பால்ஸ்டன் வேறுபடுத்திக் காட்டினார். மாணவப் பயிற்றுநர்கள் பெரும்பாலும் முதல் வகையிலேயே நின்றுவிடுகிறார்கள் என்ற குறை எனக்கும் உண்டு. அது அவர்கள் குற்றமல்ல. விரல் சொடுக்கக் கற்றுக்கொடுத்த துறை, அடுத்த படியைக் கற்றுக்கொடுக்கவில்லை.

டார்ட்மத்தில் விரும்பியவர்கள் எல்லோரும் பயிற்றுநர் ஆகிவிடுவதில்லை. பட்டறையில் பயின்று, நடத்திக் காட்டி, தேர்வு பெற வேண்டும். வேலைக்கு ஊதியம் உண்டு. நம் துறைகளில் இதைத் தொடங்க நினைப்பவர்கள் நூலகத்தில் புத்தகம் அடுக்கும் மாணவருக்குக் கொடுப்பதைக்கூட இவர்களுக்குக் கொடுக்கத் தயங்குகிறார்கள். சான்றிதழ் போதும் என்கிறார்கள். போதாது. காலியான விரிவுரையாளர் இடத்தை நிரப்பாமல் மாணவரை வைத்துச் சமாளிக்கும் நிர்வாகத்துக்கு நாம் ஆய்வுக் கட்டுரைகளால் துணைபோகவும் கூடாது. லங்காஸ்டரின் பள்ளிகளுக்கு நேர்ந்ததுதான் அங்கும் நேரும். இங்கே கட்டுரை படிக்கவிருக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் திட்டத்தில் பயிற்றுநருக்கு யார் பயிற்சி தந்தார், என்ன ஊதியம், பேராசிரியர் எத்தனை முறை டிரில் வகுப்பில் போய் உட்கார்ந்தார் என்ற மூன்றையும் முடிவுகளோடு சேர்த்துச் சொல்லுங்கள். முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.